சொந்தக் களமும் கூடும் ஜனமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆவணி உற்சவத்துக்கு ஆண்டுதோறும் கூடும் ஜனத்திரளை ஆராய முற்படுவோர், போக்குவரத்துச் சௌகரியம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வாராயின், அத்திரளுக்கு நியாயமான காரணம் எதையும் காண மாட்டாது திகைத்து நிற்பர். கிழக்குக் கரையாகிய எழுவான்கரையிலிருந்து வருபவர் குருமண்வெளித் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவை வந்து சேரும்வரை காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டும். அல்லது பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி, போரதீவும் வெல்லாவெளியும் கடந்து, வயல்வெளிகளினூடே நெடுவழி வர வேண்டும். இத்தனை பிரயாசையையும் பொருட்படுத்தாது அவர்கள் வருகிறார்கள். விசாலமான வீதியும், இரவைப் பகலாக்கும் விளக்குகளும், பல்லாயிரம் ஆசனங்களும் அமையப்பெற்ற விளையாட்டரங்குகளோ, நம் தேசத்திலும் பிற தேசங்களிலும், ஆண்டின் பெரும்பகுதி ஆளரவமின்றிக் கிடக்கின்றன. மனிதர் ஓரிடத்தில் திரளுவதற்கும் மற்றோரிடத்தைப் புறக்கணிப்பதற்கும் ஹேது யாது என்னும் வினாவை, றக்பி லீக் என்னும் விளையாட்டின் நூற்றாண்டு கடந்த சரித்திரத்தைத் துணைக்கொண்டு விசாரித்து, அதனால் பெறப்படும் தெளிவை இவ்வாவிக்கரைப் பிரதேசத்துக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த விளையாட்டைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணங்கள் உள. உலகில் வேறெந்த விளையாட்டும் தன் சங்கங்களை ஒரு மைதானத்திலிருந்து மற்றொன்றுக்கு இத்தனை முறை பெயர்த்து நட்டதில்லை என்று சொல்லுமளவுக்கு, இதன் நிர்வாகிகள் இடமாற்றத்தை இடைவிடாது பரீட்சித்திருக்கிறார்கள். அந்தப் பரீட்சைகளின் விளைவு, வந்தவர் தொகையாக ஆட்டந்தோறும் பதிவுபெற்றிருக்கிறது. அன்றியும், ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழரிற் பெருந்தொகையினர் குடியேறியுள்ள சிட்னி மாநகரின் மேற்குப் பகுதி, உலகிலேயே இவ்விளையாட்டின் மீது அபிமானம் மிகுந்த பிரதேசங்களுள் ஒன்றாகும். வென்ட்வர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட் முதலிய இடங்களில் வாழும் நம்மவரின் பிள்ளைகள், பாரமட்டா அணியின் நீலமும் மஞ்சளும் கலந்த மேலாடையைப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்துகொள்கிறார்கள். அவ்வணியின் அரங்கிலிருந்து சிறிது தூரத்தில், மேஸ் ஹில் என்னுமிடத்தில், சிட்னி முருகன் கோயில் இருக்கிறது.

கண்டியிலும் கொழும்பிலும் ஆடப்படும் றக்பியை அறிந்தவர்க்கு ஒரு விளக்கம் அவசியம். அங்கு ஆடப்படுவது பதினைவர் ஆடும் யூனியன் முறை. லீக் முறையில் பதின்மூவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணி ஆறு முறை மடக்கப்பட்டதும் பந்தை எதிரணியிடம் இழக்கும். இவ்வேறுபாடுகளெல்லாம் பின்னர் வந்தவை. பிரிவினையின் மூலகாரணம் கூலி. 1895 ஆகஸ்ட் 29-ஆந் தேதி, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய சங்கங்கள், சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வருகின்ற சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று நின்றன; ஊதியமின்றி ஆடுவதே உயர்வு என்று வாதித்த தென்பகுதிக் கனவான்கள் அதனை மறுத்தனர். இவ்வாறு பிறந்தது, லீக் முறையின் மூலமாகிய வட யூனியன். உழைப்பாளியின் உரிமையில் உதித்த விளையாட்டாகையால், அதன் மைதானங்களும் உழைப்பாளியின் வீட்டு வாசலிலேயே தோன்றின. பகல் வேலை முடித்துப் புறப்பட்டவன் கால்நடையாகவே சென்று, ஒரே தெருவில் வசிப்பவரும் ஒரே ஆலையில் வேலை செய்பவருமாகிய கூட்டத்தினிடையே தோளோடு தோள் நின்று பார்த்துத் திரும்பினான். களத்தில் ஆடுகின்றவன் அவனுக்கு அந்நியனல்லன்.

ஆயினும், நடந்து வருவோர் மட்டுமே கூட்டமாவர் என்று கொள்வது பிழை. 1954 மே 5-ஆந் தேதி, பிராட்ஃபோர்ட் நகரின் ஒட்சல் மைதானத்தில், ஹாலிஃபாக்ஸ், வாரிங்டன் ஆகிய இரு அணிகளுக்கிடையே சலஞ்ச் கிண்ண இறுதியாட்டம் மறுபடி நடத்தப்பட்டபோது, பதிவுபெற்ற தொகை மட்டும் 1,02,569. இரு அணிகளுள் எதற்கும் அது சொந்த மைதானமன்று. வந்தவரிற் பலர் அவ்விரு ஊரையும் சேராதவர். ஆகவே கூட்டம் இரு வகைப்படும் என்பதை ஆரம்பத்திலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கொருமுறை நிகழும் மகோற்சவத்தைக் காண எங்கிருந்தும் வந்து திரளும் கூட்டம் ஒன்று. வாரந்தோறும், மழையிலும் தோல்வியிலும் தவறாமல் வந்து நிற்கும் கூட்டம் மற்றொன்று. முன்னதன் தொகையைக் கண்டு பின்னதற்கு அரங்கு கட்டியதே, பின்வரும் துன்பங்கள் பலவற்றுக்கும் மூலம் என்பது என் துணிபு.

சிட்னியில் இவ்விளையாட்டின் போட்டி 1908-ல் ஒன்பது சங்கங்களோடு ஆரம்பமாயிற்று. பல்மெயின், நியூட்டவுன், கிளீப், தென் சிட்னி, வட சிட்னி என அவற்றிற் பெரும்பாலானவை நகரின் பகுதிகளுடைய பெயர்களையே பூண்டவை. ஒவ்வொன்றும் தன் பகுதியிலுள்ள நகராட்சிப் பூங்காவையோ கிரிக்கெட் திடலையோ களமாக்கிக்கொண்டது. மரத்தாலான ஒரு சிறு மண்டபம், புற்சரிவு, வேலிக்கு அப்பால் வீடுகளின் கூரை, அவ்வளவே. அந்தப் புற்சரிவில் இன்ன இடம் இன்ன குடும்பத்துக்குரியது என்பது எழுதப்படாத சாசனமாக மூன்று தலைமுறைக்கு நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், தொலைக்காட்சிப் பணமும் வர்த்தக ஸ்தாபனங்களின் ஆதரவும் பெருகியபோது, இத்திடல்கள் நிர்வாகிகளின் கண்ணுக்குப் பழமையின் சின்னங்களாகத் தோன்றின. பெரிய அரங்குக்குச் சென்றால் பெரிய கூட்டம் வரும் என்ற எளிய அனுமானத்தின் பேரில் சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. தென் சிட்னி 1988-ல் ரெட்ஃபெர்ன் திடலை விட்டது. மேற்கு சபர்ப்ஸ் அதற்கு முந்திய ஆண்டே லிட்கம்பிலிருந்து தொலைவிலுள்ள கம்பெல்டவுனுக்குப் போயிற்று.

இவற்றுள் பல்மெயின் சங்கத்தின் அனுபவம் கூர்ந்து நோக்கத்தக்கது. துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த தீபகற்பப் பகுதியில் தோன்றி, 1934 முதல் லைக்கார்ட் திடலைத் தன் இல்லமாகக் கொண்டிருந்த அச்சங்கம், 1995-ல் இரண்டு காரியங்களை ஒருங்கே செய்தது: பல்மெயின் என்ற பெயரை நீக்கிச் ‘சிட்னி டைகர்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது, லைக்கார்ட்டை விட்டுப் பாரமட்டா அரங்குக்குக் குடிபெயர்ந்தது. மாநகரம் முழுவதையும் தன்பால் ஈர்க்கக் கருதிய செய்கை அது. மாநகரம் வரவில்லை, பல்மெயினும் வரவில்லை. பாரமட்டாவின் ஜனங்களுக்கோ தமக்கென்று ஓர் அணி முன்னமே இருந்தது. இரண்டு பருவங்கள் கழிந்தபின், 1997-ல், பழைய பெயரோடு பழைய திடலுக்கே அச்சங்கம் திரும்பிற்று. ஆனால் அதற்குள் பலமிழந்துவிட்ட அதனால் நெடுங்காலம் தனித்து நிற்க முடியவில்லை; 1999-ன் இறுதியில் மேற்கு சபர்ப்ஸுடன் இணைந்து ‘வெஸ்ட்ஸ் டைகர்ஸ்’ ஆயிற்று. எல்லோருக்கும் உரியதாக ஆகவேண்டி, உரியவர்களைக் கைவிட்ட சங்கத்துக்கு இதனினும் தெளிந்த உதாரணம் கிடைப்பதரிது.

வட சிட்னியின் கதி இன்னும் பரிதாபகரமானது. மரநிழல் சூழ்ந்த வட சிட்னி ஓவலை விட்டு, நகருக்கு வெகு வடக்கேயுள்ள கோஸ்ஃபர்டில் எழும்பும் புதிய அரங்குக்குச் செல்ல அச்சங்கம் தீர்மானித்தது. மழையினால் கட்டுமானம் தாமதப்பட்டது, கடன் பெருகிற்று. பழைய இல்லத்தையும் விட்டு, புதிய இல்லத்தையும் அடையாத இடைவெளியில், 1999-ல் அது தலைநிலைப் போட்டியில் தன் தனி ஸ்தானத்தை இழந்தது. புதிய அரங்கு திறக்கப்பட்ட காலத்தில், அதற்கு வர வேண்டிய அணி மான்லி சங்கத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது; அந்த இணைப்பும் சில ஆண்டுகளிற் கலைந்தது. 2027 முதல் கண்டத்தின் மறுகோடியிலுள்ள பேர்த் நகரின் அணியொன்று, வட சிட்னியின் ‘பெயர்ஸ்’ என்ற நாமத்தைத் தாங்கி ஆடப்போகிறது. நாமம் மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் பிரயாணம் செய்துவிடும். ஓவலின் வேலியோரத்தில் நின்றவர்களோ, இருந்த இடத்திலேதான் இருப்பார்கள்.

தென் சிட்னியின் வரலாற்றிலோ கூட்டம் வேறொரு ரூபத்தில் வெளிப்பட்டது. 1999-ஆம் ஆண்டுப் பருவத்தின் பின் அச்சங்கம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. சங்கங்களின் தொகையைக் குறைப்பதற்கு வகுக்கப்பட்ட அளவுகோல்களுள் ஆட்டங்களுக்கு வரும் கூட்டமும் ஒன்று. அதன் பின், 2000 நவம்பரில், ஏறத்தாழ 80,000 பேர் சிட்னியின் வீதிகளில் அதன் பொருட்டு ஊர்வலம் போயினர். 2001-ல் நீதிமன்றத்தில் வென்று, 2002-ல் அது போட்டிக்குத் திரும்பியது. ஆட்டம் காண வாராதவர் இத்தனை பேர் வீதிக்கு வந்தமை எங்ஙனம்? வாயிலில் எண்ணப்படுவோர் வேறு, உள்ளத்தால் ஒட்டியிருப்போர் வேறு. ரெட்ஃபெர்னிலிருந்து களம் அகன்ற பின், ஒட்டியிருந்தோர் வாயிலுக்கு வரும் வழக்கம் தேய்ந்ததேயன்றி ஒட்டுதல் தேயவில்லை. எண்ணிக்கை ஏடுகள் இந்த வித்தியாசத்தை அறியமாட்டா.

2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்காக ஹோம்புஷில் கட்டப்பட்டு, 1999-ல் திறக்கப்பட்ட ஸ்டேடியம் ஆஸ்திரேலியா, மேற்சொன்ன இரு வகைக் கூட்டங்களின் பேதத்தை ஒரே கூரையின் கீழ்க் காட்டுவது. திறக்கப்பட்ட ஆண்டின் செப்டெம்பரில் மெல்பேர்ன் ஸ்டோர்ம், சென் ஜோர்ஜ் இல்லவாரா அணிகள் மோதிய இறுதியாட்டத்தை 1,07,999 பேர் கண்டனர். பின்பு ஆசனங்கள் ஏறத்தாழ 83,500 ஆகக் குறைக்கப்பட்ட அவ்வரங்கில், சாதாரண வாரமொன்றில் 15,000 பேர் வருவதாக வைத்துக்கொள்வோம். அதே 15,000 பேர் 20,000 பேர் கொள்ளும் திடலில் முக்கால் பங்கை நிரப்பி, ஆட்டக்காரனின் செவியில் இடியென முழங்குவர். இங்கோ ஐந்திலொரு பங்கைக்கூட நிரப்பாது, ஆசனக் கடலில் சிதறிப்போவர். தொகை ஒன்றே, அனுபவம் இரண்டு. மறுவாரம் வருவதா வேண்டாமா என்று ஒருவன் தீர்மானிப்பது அனுபவத்தைக் கொண்டேயன்றித் தொகையைக் கொண்டன்று. வெற்றாசனம் தானும் ஒரு வெற்றாசனத்தைப் பெறும் என்று சொன்னால் அது மிகையாகாது.

எதிர்வாதத்துக்கும் இடமளித்தல் நீதி. பிறிஸ்பேன் பிரோங்கோஸ் சங்கம் 1993-ல் நகர்ப்புறத்து லாங் பார்க்கை விட்டு, தென்பகுதியிலுள்ள பெரிய தடகள அரங்குக்குச் சென்றபோது, கூட்டம் பெருகவே செய்தது. அவ்வாண்டில் ஆட்டமொன்றுக்கு வந்தோரின் சராசரி 40,000-ஐத் தாண்டிற்று. முந்திய ஆண்டு வாகை சூடியிருந்த அணி அது. அம்மாநகருக்கு அக்காலத்தில் தலைநிலைப் போட்டியில் வேறு அணி இல்லை. சிறிய மைதானத்தில் இடமின்றி வெளியே நின்றவர் ஏராளம். எனவே இடப்பெயர்ச்சி எப்போதும் தீது என்று விதி வகுக்க நான் துணியேன். ஆனால் அந்தப் பெருக்கம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் விளையாட்டின் நிர்வாகமே இரண்டுபட்டுப் பகை மூண்டது, புதுமையின் கவர்ச்சி தணிந்தது, ஓடுபாதைக்கு அப்பால் தூரத்திலிருந்து ஆட்டத்தைப் பார்க்கும் குறை மேலெழுந்தது, கூட்டம் வற்றியது. 2003-ல், புதுப்பிக்கப்பட்டு 52,500 பேர் கொள்ளும்படியாக எழுந்த அதே லாங் பார்க்குக்கு அச்சங்கம் திரும்பிற்று. பெரிய அரங்கு வேண்டும் என்ற கணக்கு பிழையன்று. அதனைப் பழைய ஸ்தலத்திலேயே எழுப்பவேண்டும் என்ற கணக்கைப் போடுவதற்குப் பத்தாண்டு பிடித்தது.

பாரமட்டாவின் சரித்திரம் இவையனைத்தையும் தன்னுள் அடக்கியது. 1947-ல் போட்டியிற் சேர்க்கப்பட்ட அச்சங்கத்துக்குக் கம்பர்லாண்ட் ஓவல் இல்லமாயிற்று. முப்பத்துநான்கு ஆண்டுக் காலம் கிரீடமின்றித் தவித்த அணி, 1981 செப்டெம்பரில் நியூட்டவுனை 20-11 என்ற கணக்கில் வென்று முதன்முதலாக வாகை சூடிய இரவில், களிவெறி கொண்ட ரசிகர்கள் அந்தப் பழைய திடலின் மண்டபத்துக்குத் தீ மூட்டினர். புதிய அரங்கு வேண்டும் என்ற நெடுநாள் ஆத்திரமும், அதனை அவ்விடத்தில் எழுப்பலாகாது என்று எதிர்த்தவர்களோடு இருந்த வழக்கும் அந்தத் தீயில் கலந்திருந்தன. தீ வைத்தலை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் தம் இல்லத்தைத் தாமே எரிக்கும் அளவுக்கு அதனைத் தம்முடையதெனக் கருதிய ஒரு ஜனசமூகத்தை, வெறும் சீட்டு வாங்குவோராகக் கொள்வது அறியாமை. அதன் பின் நான்கு பருவங்கள் அவ்வணி பெல்மோரில், கன்டர்பரி சங்கத்தின் திடலில், அகதியாக ஆடிற்று. வியப்பு என்னவெனில், அந்த அஞ்ஞாத வாசத்திலேயே 1982, 1983 ஆகிய இரண்டாண்டும் அது மீண்டும் வாகை சூடியது. ஆகவே, சொந்த மைதானம் வெற்றிக்கு இன்றியமையாதது என்று சாதிக்க இயலாது. அது வேறொன்றுக்கு இன்றியமையாதது. 1986 மார்ச்சில் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் புதிய பாரமட்டா அரங்கைத் திறந்து வைத்தார். அவ்வாண்டும் அணி வென்றது. அதற்குப் பின் இன்றளவும் அதற்கு வாகை கிட்டவில்லை. தோல்வியோடு தசாப்தங்கள் கழிந்தும், அந்த மூலையில், ஆற்றங்கரையில், கூட்டம் கூடியது.

2017-ல் அவ்வரங்கு தகர்க்கப்பட்டு, இரண்டு பருவங்கள் அணி ஹோம்புஷின் பேரரங்குக்கு அனுப்பப்பட்டது. 2018-ல் அது கடைசி ஸ்தானத்துக்குத் தாழ்ந்தது. பழைய நிலத்திலேயே, 30,000 பேர் அமரத்தக்கதாக, ஆசன வரிசைகள் களத்தை நெருங்கிச் செங்குத்தாக எழும்படி அமைந்த புதிய அரங்கில், 2019 ஏப்ரல் 22-ஆந் தேதி, ஈஸ்டர் திங்களன்று, அணி முதன்முறை ஆடியபோது 29,047 பேர் வந்தனர். அணி 51-6 என்று வென்றது. இந்த 29,047 என்னும் எண்ணை ஹோம்புஷில் வைத்துப் பார்த்தால் பாதியும் காணாது. பாரமட்டாவிலோ அது நிறைகுடம். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவினூடே நடந்து போகும் தூரத்தில் அரங்கு இருப்பதால், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஊரே அதன் முற்றமாகிவிடுகிறது.

எண்ணிக்கையைக் குறித்தே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரங்கங்கள் வெளியிடும் தொகை, சில இடங்களில் வாயிலைக் கடந்தவர் தொகை. சில இடங்களில் விற்ற சீட்டின் தொகை. அங்கத்தினர் வராவிட்டாலும் அவரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. 1983-ஆம் ஆண்டுப் பருவத்தோடு தலைநிலைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, இன்று கீழ்நிலைப் போட்டியில் ஆடும் நியூட்டவுன் சங்கத்தின் ஹென்சன் பார்க்கிலோ, எத்தனை பேர் வந்தாலும் வந்தவர் தொகை 8,972 என்றே ஒவ்வோர் ஆட்டத்திலும் அறிவிப்பது மரபாகிவிட்டது. ஆய்வாளனுக்கு இந்த எண் பயன்படாது. ஆனால் நாற்பதாண்டாகியும் அத்திடலை விட்டுப் போகாதவர்கள், தம் தொகை குறைந்தது என்று எவரும் சொல்லுவதற்கு இடங்கொடாமல் நிற்கிறார்கள் என்பதை இதைவிட நேராகச் சொல்லும் எண் வேறு எதுவும் என் பார்வைக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு அணுக்கமானதாகையால் விரிக்க வேண்டியதில்லை. விகன் சங்கம் 1999-ல் சென்ட்ரல் பார்க்கை விட்டுக் கால்பந்துச் சங்கத்தோடு ஒரே அரங்கைப் பகிர்ந்துகொண்டது. பழைய களத்தின் மேல் அங்காடி எழுந்தது. சென் ஹெலன்ஸோ 2010-ல் நோஸ்லி வீதித் திடலுக்கு விடைகொடுத்து, 2012-ல் தன் ஊருக்குள்ளேயே, 18,000 பேர் கொள்ளும் அடக்கமான அரங்கைத் தனக்கென்றே கட்டிக்கொண்டது. இவ்விரண்டனுள் பின்னதே எனக்கு உவப்பானது. வாரக் கூட்டத்தை அளவிட்டு அதற்கேற்பக் கட்டிய விவேகம் அதிலிருக்கிறது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட்டை முன்னிட்டு, அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவில் 35,000 பேருக்கென ஓர் அரங்கு எழுப்பப்பட்டது. காட்டையும் சேனையையும் அண்டிய அவ்விடத்துக்கு நடந்து வரத்தக்க நகரமில்லை. வாரந்தோறும் ஆடத்தக்க சங்கமில்லை. மகோற்சவத்துக்கென்றே கட்டப்பட்ட கோயில் அது; நித்திய பூசைக்கு அங்கே அடியார் இல்லை. 2020-ல், கொள்ளைநோய்க் காலத்தில், லங்கா பிரிமியர் லீக் போட்டியின் முதற்பருவம் முழுவதும் பார்வையாளர் எவருமின்றி அங்கேயே நடைபெற்றது. அதில் வாகை சூடியது யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி. அவ்வணி 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. நான்கு முறை வென்றும், அவ்வணி இப்போட்டியில் யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டந்தானும் ஆடியதில்லை. சர்வதேசத் தரத்து அரங்கு அங்கில்லாமையே காரணம். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் அத்தகைய அரங்கொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது எழும்பட்டும், மகிழ்ச்சியே. ஆனால் யாழ்ப்பாணத்தின் வழக்கமான கிரிக்கெட் கூட்டம் எங்கிருக்கிறது என்று அறிய விரும்புவோர், 1904 முதல் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமரன்று, கோட்டைக்கு எதிரேயுள்ள மத்திய கல்லூரி மைதானத்தின் வேலியோரத்தில் ஒரு பொழுது நிற்பாராக.

கண்டியின் திரினிற்றிக் கல்லூரியும் கொழும்பின் றோயல் கல்லூரியும் 1945 முதல் ஆடிவரும் பிராட்பி கேடயப் போட்டியோ, சொந்தக் களம் எது என்ற பிணக்கையே எழவிடாமல் செய்த ஏற்பாடு. ஆட்டம் இரண்டு, ஒன்று கண்டியில், மற்றொன்று கொழும்பில், இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டியே வெற்றி நிர்ணயிக்கப்படும். ஆண்டுதோறும் ஒரு நகரத்தவர் விருந்தினராகவும் மற்றவர் இல்லத்தவராகவும் மாறி மாறி நிற்கிறார்கள். இரு கூட்டமும் பிரயாணம் செய்கிறது. இரு ஊரும் கூட்டத்தைக் காண்கிறது.

மட்டக்களப்புப் பிரதேசத்துக்கு இவ்விஷயம் புதிதன்று என்பதை வற்புறுத்த விரும்புகிறேன். கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறியில், ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, வடம் பூட்டி, இரு சேரியாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரைப் பழித்துப் பாடுவர். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் ஆடப்பட்ட இவ்விளையாட்டைச் சிங்களக் கிராமங்களில் பத்தினித் தெய்வத்தின் பொருட்டு ஆடப்படும் அங்கெலியவோடு ஒப்புநோக்கிய அறிஞர் பலர். நம் ஆராய்ச்சிக்கு இதிலே முக்கியமானது ஒன்றுண்டு: அங்கே பார்வையாளன் என்று ஒருவன் இல்லை. சுற்றி நிற்பவன் ஒவ்வொருவனும் இரண்டிலொரு சேரியான். வடத்தைத் தொடாதவனும் தன் கட்சியின் கொம்பு முறிந்தால் தோற்றவனே. பல்மெயின் தொழிலாளியும் இவ்வாறே நின்றான். நாடகக் கொட்டகைக்குச் சீட்டு வாங்கிச் செல்பவனுக்கு எந்தக் கொட்டகையாயினும் ஒன்றே. சேரிக்காரனுக்கோ களம் அம்மன் சந்நிதியில்தான் இருக்க வேண்டும். இடத்தை மாற்றினால் அவன் வேறொரு காட்சியைக் காண வரச்சொல்லி அழைக்கப்படுகிறான்.

மட்டக்களப்பு நகரின் பிரதான மைதானம், அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பணிபுரிந்து, இம்மாவட்டத்து விளையாட்டுக்கே தம் வாழ்நாளை அர்ப்பணித்த யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியது. அடிகளாரின் தொண்டு மறுக்கவொண்ணாதது. ஆயினும் மாவட்டத்தின் பெருவிளையாட்டுக்கள் நகரிலும் எழுவான்கரைக் கடலோர வீதியிலுமே நடப்பது வழக்கமாகிவிட்டமையால், படுவான்கரையின் இளைஞன் ஆடுவதற்கு வாவியைக் கடக்கிறான்; அவன் தந்தையும் தங்கையும் அவன் ஆடுவதை ஒருநாளும் கண்டதில்லை. 2014-ல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பகுதிக்கு வழி குறுகியது. தெற்கே மண்டூரார்க்கு அது பெரிதும் உதவுவதன்று. பெரும்போக அறுவடை முடிந்த வயலில் கோல்கம்பம் நட்டு ஆடப்படும் கால்பந்துக்கு, சுற்றுவட்டாரமெல்லாம் உழவு இயந்திரப் பெட்டியிலும் சைக்கிளிலும் வந்து கூடுவதை இங்கே எவரும் காணலாம். அந்தக் கூட்டம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

ஆதலின், படுவான்கரைக்கு மைதானம் வேண்டும் என்று கேட்பவரிடம், எத்தனை ஆயிரம் ஆசனம் என்று முதலில் வினவுவது முறையன்று. பிராட்பி ஏற்பாட்டைப் பின்பற்றி, எழுவான்கரைச் சங்கங்களும் படுவான்கரைச் சங்கங்களும் பருவந்தோறும் இரு கரையிலும் ஒவ்வோர் ஆட்டம் ஆடி, இரண்டன் கணக்கையும் கூட்டி முடிவு காணும் ஒரு போட்டியை முதலில் நிறுவலாம். அதற்குப் பள்ளிக்கூட மைதானமும், வேலியும், நாலு நிழல்மரமும் போதும். அறுவடை நாட்களையும் கோயிற் கொடியேற்ற நாட்களையும் விலக்கித் தேதி குறிக்க வேண்டும். இருட்டுமுன் பாதையைப் பிடிக்க வேண்டியவர்களை நினைந்து ஆட்டத்தை முன்னதாகவே தொடங்க வேண்டும். பெண்கள் அமருவதற்கும் குடிநீருக்கும் ஒதுக்கிடத்துக்கும் ஆசனத்துக்கு முன்னே செலவிட வேண்டும். வந்தவர் தொகையை எழுதுங்கால், எந்தக் கரையிலிருந்து, எந்த ஊரிலிருந்து, எதில் ஏறி வந்தனர் என்பதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். அவ்வேட்டில் மூன்று நான்கு பருவங்கள் நிரம்பிய பின், மண்டூரிலா, வெல்லாவெளியிலா, கொக்கட்டிச்சோலையிலா, எவ்விடத்தில் எத்தனை வரிசைப் படி கட்டுவது என்ற பேச்சை எடுத்துக்கொள்ளலாம்.